பறவை நோக்கலின் சமூகப் பின்னணி: மட்டக்களப்புப் பிரதேசம் பற்றிய சில குறிப்புகள்

ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை தொடங்கும்போது மட்டக்களப்பு வாவியின் படுவான்கரையில் இரு வருகைகள் நிகழ்ந்து வந்தன. வட ஆசியாவின் குளிருக்கு ஒதுங்கி உள்ளானும் தாராவும் ஆலாவும் வந்திறங்கின. பெரும்போக வேளாண்மைக்காக எழுவான்கரை ஊர்களிலிருந்து தோணியேறி வந்த உழைப்பாளர் வயலோரத்தில் வாடி அமைத்துத் தங்கினர். அறுவடை முடிந்து பங்குனி சித்திரை வருகையில் இரு கூட்டமும் திரும்பிவிடும். பாலங்களும் இயந்திரங்களும் இரண்டாவது வருகையைப் பெரிதும் மாற்றிவிட்டன. முதலாவது இன்றும் தொடர்கிறது; அதனைக் காண்பதற்கென மூன்றாவது வருகையொன்றும் தோன்றியுள்ளது. புராதனக் காடு, தீண்டப்படாத சதுப்புநிலம் என்னும் விளம்பரங்களால் ஈர்க்கப்பட்டு, வழிகாட்டியுடனும் தொலைநோக்கியுடனும் வரும் உல்லாசப் பயணிகளின் வருகையே அது.

இம்மூன்றாவது வருகை எவ்வாறு சாத்தியமாயிற்று என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மட்டக்களப்புப் பிரதேசம் என ஈண்டுக் குறிக்கப்படுவது, 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்படுவதற்கு முன்னிருந்த, வெருகல் முதல் குமுக்கன் ஆறு வரையிலான நிலப்பரப்பாகும்.

பறவையை உற்று நோக்குதல் ஓய்வு நேரச் செயலாகத் தோன்றியதன்று. உற்பத்தியின் ஓர் அங்கமாகவே அது நெடுங்காலம் நிலவியது. சங்க இலக்கியத்தில் தினைப்புனங் காக்கும் பெண் தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகளைக் கொண்டு கிளிகளை விரட்டுகிறாள். நெய்தல் நிலப் பெண் உலரவைத்த மீனைக் கவர வரும் பறவைகளை ஓட்டுகிறாள். இதற்குப் 'புள்ளோப்புதல்' எனப் பெயருமுண்டு. பிற்கால உரைகாரரும் இன்றைய இரசனை விமர்சகரும் இவற்றைக் காதலர் சந்திப்புக்கு வாய்த்த களமாக மாத்திரமே கண்டனர். அக்களத்தில் நடைபெற்றது வேலை என்பதும், அவ்வேலையை நாள்முழுதும் செய்தோரின் கண்கொண்டே பறவைகள் கவிதையுள் நுழைந்தன என்பதும் போதிய அளவு வற்புறுத்தப்படவில்லை.

படுவான்கரை வயல்களில் இவ்வேலை அண்மைக்காலம் வரை வாழ்ந்தது. நிலம் போடியாருடையது, உழைப்பு முல்லைக்காரனுடையது. விதைத்த நாள் முதல் சூடு மிதிக்கும் நாள் வரை காவல் இருந்தது. இரவில் பரண் மீதிருந்து யானைக்கும் பன்றிக்கும் நெருப்பெரித்துக் காத்தனர். பகலில் தகரமடித்தும் கவணெறிந்தும் கூவியும் பறவைகளை விரட்டினர். பரணில் இருப்போனுக்குப் பறவைகளெல்லாம் ஒன்றல்ல. விதைத்த சேற்றில் இரவிலே இறங்கும் தாரா வேறு. கதிர் பாற்பிடிக்கும் வேளையில் கூட்டமாக விழும் தூக்கணாங்குருவியும் சில்லையும் வேறு. உழவு மாட்டின் பின்னே புழுப் பொறுக்கி வரும் கொக்கு, விரட்ட வேண்டாத கொக்கு. எது எப்போது வரும், எத்திசையிலிருந்து வரும், எவ்வோசைக்கு அஞ்சும் என்பதெல்லாம் கூலியோடும் பசியோடும் தொடர்புற்ற அறிவாகும். அவ்வறிவுக்கு நூல் வடிவமில்லை. அதனை உடையவர்களுக்கு எழுத்து வாய்க்கவில்லை என்பதே காரணம்.

பறவை நோக்கல் ஓய்வுச் செயலாக மாறுவதற்கு முதலில் காடு எவருக்குமுரியதல்லாததாக ஆக்கப்பட வேண்டியிருந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய நில ஆக்கிரமிப்புக் கட்டளைச்சட்டம் இதனைச் செய்தது. காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் யாவும் மறுதலையாக நிறுவப்படும் வரை முடிக்குரியன எனக் கொள்ளப்பட்டன. மலையகத்தில் இச்சட்டம் கோப்பித் தோட்டங்களுக்கு வழிவகுத்தமை நன்கறியப்பட்டதே. கிழக்கின் வரண்ட காடுகளில் அது வேட்டைக்கு வழிவகுத்தமை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

ஊவா மலைகளுக்கும் மட்டக்களப்புக் கரைக்கும் இடைப்பட்ட புல்வெளிக் காட்டினை ஆங்கிலேயர் 'பூங்கா நாடு' என அழைத்தனர். தம் நாட்டுப் பிரபுக்களின் மாளிகைத் தோட்டங்களை அது அவர்களுக்கு நினைவூட்டிற்று. அப்புல்வெளிகள் சேனைப் பயிர்ச்செய்கையாலும் ஆண்டுதோறும் மூட்டப்பட்ட நெருப்பாலும் பேணப்பட்டவை, அதாவது மனிதக் கைபட்டவை என்பது அவர்களுக்கு உறைக்கவில்லை. 1854இல் வெளிவந்த சாமுவேல் பேக்கரின் வேட்டை நூல் இந்நிலப்பரப்பை ஐரோப்பிய வாசகருக்கு அறிமுகஞ் செய்தது. பதுளையிலிருந்த மேஜர் ரொஜர்ஸ் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தினார். இவர்கள் எவரும் தனித்துக் காடு புகுந்தவரல்லர். அடிச்சுவடு கண்டு முன்சென்றோர் உள்ளூர் மனிதரே. யானைபிடிக்கும் பணிக்கரின் திறமையைச் சேர் எமர்சன் ரெனென்ற் வியந்து விரிவாக எழுதியுள்ளார். ஏறாவூர் முஸ்லிம்களிடையே இத்தொழில் வழிவழியாக நிலவியது. இன்றைய 'வழிகாட்டி' என்னும் பாத்திரத்தின் முன்னோர் இவர்களேயாவர்.

துப்பாக்கியிலிருந்தே பறவையியலும் பிறந்தது. அக்காலத்தில் ஒரு பறவையை ஆராய்தல் என்பது அதைச் சுட்டுத் தோலுரித்துப் பெட்டியிலிடுதலாகும். 1846 முதல் 1853 வரை இலங்கையிலிருந்த எட்கர் லெயாட் இத்துறையின் முன்னோடி. அவரது சேகரிப்பிற் பெரும்பகுதி முத்து என்னும் தமிழ்ப் பணியாளரின் உழைப்பால் விளைந்தது. லெயாட் இதனை மறைக்கவில்லை. முத்து கொணர்ந்த சிறு ஈபிடிப்பான் குருவியொன்றுக்கு 1854இல் அவர் பெயரையே இட்டார். இன்றும் அதன் அறிவியற் பெயர் 'மஸ்கிக்காப்பா முத்துயி'. உலகப் பறவையியலின் இலத்தீன் ஏட்டில் ஒரு தமிழ்ப் பணியாளரின் பெயர் நிலைத்துவிட்டதென நாம் மகிழலாம். ஆயின் அதே குருவி ஆங்கில வழக்கில் நெடுங்காலம் 'லெயாட்டின் ஈபிடிப்பான்' எனவே வழங்கியது. சேகரித்தவன் இலத்தீனுக்குள் ஒதுங்க, எசமானர் பேச்சுமொழியில் நின்றார். முத்து எவ்வூரார், அவரது முழுப்பெயர் யாது என்பன அப்பெயரிலிருந்து பெறப்படுவனவல்ல.

அவருக்குப் பின்வந்த வின்சன்ட் லெக் திருகோணமலையிலும் பணியாற்றிய பீரங்கிப் படை அதிகாரி. 1880இல் நிறைவுற்ற அவரது இலங்கைப் பறவைகளின் வரலாறு பறவைகளின் சிங்கள, தமிழ்ப் பெயர்களையும் தருகிறது. நம் மொழியாராய்ச்சியாளர் இன்னும் உரியவாறு பயன்படுத்தாத சொற்களஞ்சியம் இது. அப்பெயர்களைச் சொல்லிக் கொடுத்தோர் பரணிலும் தோணியிலும் இருந்தவர்களேயன்றி வேறு யாராக இருத்தல் கூடும்? வெள்ளச் சமவெளியின் நீர்நிலையைக் குறிக்க இலங்கைச் சூழலியலாளர் ஆங்கிலத்திலும் எழுதும் 'வில்லு' என்பதுங்கூட நம் நாட்டார் வழக்கே.

வேட்டையாடியவர்களே பின்னர் காவலர் ஆயினர். 1894இல் அமைக்கப்பட்ட வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் தோட்டத்துரைமாரையும் அதிகாரிகளையும் கொண்டது. 1937இல் விலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் வந்தது. 1943இல் இலங்கைப் பறவைக் கழகம் தோன்றியபோதும் தோட்டத்துரைமாரே முன்னின்றனர். துப்பாக்கியின் இடத்தைத் தொலைநோக்கி பெற்றது பெரிய மாற்றந்தான். அதனைக் குறைத்து மதிப்பிடுதல் தவறு. இச்சட்டங்கள் இல்லாதிருப்பின் நாரைகள் கூடுகட்ட மரம் எஞ்சியிருக்குமா என்னும் வினா நியாயமானதே. ஆயினும் காட்டின் மீதான உரிமை எவர் கையிலிருந்து எவர் கைக்குச் சென்றது என்பதில் மாற்றமேதும் நிகழவில்லை.

கல்லோயாவை நோக்குவோம். தமிழர் பட்டிப்பளை ஆறு என வழங்கிய நதி இது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் கீழ் இங்கினியாகலையில் அணை எழுந்தது; சேனநாயக்க சமுத்திரம் தோன்றிற்று. அதன் நீரேந்து பகுதியைக் காப்பதற்கே 1954இல் தேசியப் பூங்கா பிரகடனஞ் செய்யப்பட்டது. இன்று பயணிகள் படகிலிருந்து தீவுகளிற் கூடுகட்டும் பறவைகளையும், தீவுக்குத் தீவு நீந்தும் யானைகளையும் காண்கின்றனர். அக்காட்சி ஆதிகாலத்தது எனச் சொல்லப்படுகிறது. அந்நீர்ப்பரப்பு நம் பெற்றோரின் தலைமுறையைவிட அதிகம் மூத்ததன்று. நீருக்கடியில் அமிழ்ந்தவற்றுள் வேடர் குடும்பங்களின் வேட்டை நிலங்களும் தேன் எடுத்த இடங்களும் உண்டு. அணைக்குக் கீழே நிலம் பங்கிடப்பட்ட முறை கிழக்கின் இனவிகிதத்தை மாற்றியதும், 1956 ஜூனில் அப்பள்ளத்தாக்கில் தமிழர் மீது வன்செயல் மூண்டதும் வரலாறு. இரத்துகலையில் எஞ்சிய வேடரின் தலைவருடன் காட்டில் நடப்பது இப்போது விடுமுறைத் திட்டத்தின் ஓர் உருப்படியாகும். காடிழந்தவரே காட்டைக் காட்டிக் கூலி பெறுகிறார்.

தெற்கே கூமுனையின் நிலை சற்று வேறானது. 1938 முதல் பறவைகள் சரணாலயமாயிருந்த அதன் வில்லு, 1970இல் யால கிழக்குத் தேசியப் பூங்காவினுள் அடங்கிற்று. 2006இல் பூங்கா முழுவதும் கூமுனையின் பெயரைப் பெற்றது. குமுக்கன் ஆற்றிலிருந்து ஒடுங்கிய கால்வாயொன்றால் நீர்பெறும் அவ்வில்லின் கண்டல் மரங்களில் வைகாசி முதல் ஆடி வரை கூழைக்கடாவும் நாரையும் கரண்டிவாயனும் நீர்க்காகமும் நெருங்கிக் கூடுகட்டும். அருகே கூமுனை என்னும் ஊரும் இருந்தது. அவ்வூரார் பாணமைப் பக்கம் பெயர்க்கப்பட்டனர். பெயர் பூங்காவுக்கு எஞ்சியது. போர்க்காலத்தில் 1985 முதல் 2003 வரை பூங்கா மூடப்பட்டிருந்தது. 2004இன் ஆழிப்பேரலை அக்கரையையும் தாக்கிற்று.

கூடுகட்டும் அதே மாதங்களில் இக்காட்டினூடே வேறொரு கூட்டம் நடந்து செல்கிறது. மட்டக்களப்பிலிருந்தும் அதற்கு வடக்கேயிருந்தும் புறப்படும் கதிர்காம யாத்திரிகர், உகந்தை முருகன் கோயிலிற் கூடி, கூமுனை வழியாகக் கால்நடையாகச் செல்வர். காட்டுப்பாதை அவர்களுக்குச் சில நாட்களே திறக்கப்படும். திகதியை அரச அலுவலகம் நிர்ணயிக்கும். பணங்கொடுத்து வரும் பயணி வாகனத்தை விட்டிறங்கக் கூடாது; திணைக்களத்தின் வழிகாட்டி உடனிருத்தல் வேண்டும். யாத்திரிகருக்கு வழிகாட்டுபவர் முன்பு பலமுறை நடந்த முதியவரே. எந்தத் துரவில் நீர் இருக்கும், எப்பறவை குரலெழுப்பினால் அருகே யானை நிற்கிறது என்பவற்றை அவர் அறிவார். அவருக்கு அனுமதிச்சீட்டும் இல்லை, சம்பளமும் இல்லை.

அண்மையில் கூமுனைக்குச் சென்ற குழுவொன்றுடன் நானும் சென்றேன். வழிகாட்டியாக வந்த இளைஞர் ஆங்கிலப் பெயர்களைத் தடையின்றிச் சொன்னார். அச்சிட்ட பட்டியலில் பயணிகள் ஒவ்வொன்றாகக் குறியிட்டனர். திரும்பும் வழியில், வீட்டில் இவற்றை எவ்வாறு அழைப்பீர்கள் எனக் கேட்டேன். பத்துப் பன்னிரண்டு பெயர்களைத் தமிழிலும் சிங்களத்திலும் கலந்து சொல்லிவிட்டு, மிகுதியைப் பாட்டியிடம் கேட்க வேண்டும் என்றார். பாட்டி சிறுவயதில் பரணில் இருந்தவராம். அவரிடம் இதுவரை எவரும் கேட்டதில்லையாம். பூங்காவின் வாயிலை அடைந்ததும், இறங்க வேண்டியவர்களை எண்ணிப் பதிவேட்டில் கையொப்பமிடச் சென்றுவிட்டார்.