ஐந்நூறு மரத்துண்டுகள்

நில அளவைப் படம் ஒன்றைக் கையில் எடுத்தால், நான் முதலில் தேடுவது ஊர்ப் பெயர்களை அன்று. சம உயரக் கோடுகளையே. அவை விலகி நின்றால் நிலம் சமவெளி. நெருங்கி நின்றால் செங்குத்துச் சரிவு. 7,782 மீட்டர் உயரமுள்ள நம்சா பர்வா மலையைச் சுற்றி வளையும் ஆற்றின் இருகரையிலும் அக்கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டியே நிற்கின்றன. திபெத்தில் கிழக்கு நோக்கி ஓடும் சாங்போ ஆறு அங்கே தெற்கே திரும்பி, அருணாசலப் பிரதேசத்தில் சியாங் எனப் பெயர் பெற்று, அசாமில் பிரம்மபுத்திராவாகப் பரந்து செல்கின்றது.

ஆனால், 19ஆம் நூற்றாண்டில் அந்த வளைவு படத்தில் வெற்றிடமாகவே இருந்தது. சாங்போவே பிரம்மபுத்திரா என்றனர் சிலர். இல்லை, அது பர்மாவின் ஐராவதி என்றனர் வேறு சிலர். வெள்ளையருக்கோ திபெத்தின் கதவு அடைத்திருந்தது.

1880இல் நில அளவைத் துறையைச் சேர்ந்த ஹார்மன் என்பவர், லாமா ஒருவரோடு கிந்துப் என்னும் சிக்கிம் நாட்டவரை அனுப்பினார். குறியிட்ட 500 மரத்துண்டுகளைச் சாங்போவில் விடவேண்டும். அவை அசாமில் மிதந்து வந்தால் ஐயம் தீரும். இதுவே திட்டம்.

வழியில் அந்த லாமா, கிந்துப்பை அடிமையாக விற்றுவிட்டு மறைந்தார். கிந்துப் தப்பி ஓடினார். மடமொன்றில் அடைக்கலம் புகுந்து, மடத்தலைவரிடம் பணிசெய்தார். யாத்திரைக்கென்று விடுமுறை பெற்று, 500 துண்டுகளையும் வெட்டி மறைத்துவைத்தார். மீண்டும் ஒருமுறை விடுமுறை பெற்று லாசா சென்று, துண்டுகளை விடப்போகும் நாட்களைக் கடிதமாக எழுதுவித்து அனுப்பினார். ஏனெனில், அவருக்கு எழுதத் தெரியாது. குறித்த காலத்தில் நாளொன்றுக்கு 50 வீதம் பத்து நாட்கள் ஆற்றில் விட்டார்.

பார்ப்பதற்கு அங்கே எவரும் இல்லை. கடிதம் உரியவர் கைக்குச் சேரவில்லை. ஹார்மன் நோயுற்று இந்தியாவைவிட்டே சென்றுவிட்டார்.

1884இல் திரும்பிய கிந்துப் தம் பயணத்தை வாய்மொழியாகக் கூறினார். பலர் நம்பவில்லை. 1913இல் பெய்லியும் மோர்ஸ்ஹெட்டும் அப்பள்ளத்தாக்கில் நடந்து, அவர் சொன்னவை பெரும்பாலும் மெய்யெனக் கண்டனர். பிழைபட்டது ஓர் அருவியின் உயரமே. ஆற்றின் 30 அடி அருவியும், ஓடையொன்றின் உயர்ந்த அருவியும் எழுத்தில் ஒன்றாகக் கலந்துவிட்டன. அப்போது டார்ஜிலிங்கில் தையல் வேலை செய்துவந்த அம்முதியவரைப் பெய்லி தேடிக் கண்டு சிறப்பித்தார்.

மாணவ நண்பர்களே! படத்தில் அந்த ஆற்றின் கோடு உங்கள் விரலளவுகூட நீளாது. அக்கோட்டுக்காகக் கிந்துப் செலவிட்டது நான்கு ஆண்டுகள்.