நியூத்திரனின் தடம் காக்கும் மூக்குக்கண்ணாடிப் பிளாஸ்ரிக்



நோர்த்வூட்டில் உள்ள மவுண்ட் வேர்னன் வைத்தியசாலையை ஹரோ, வெம்பிளிப் பக்கம் வாழும் எம்மவர்கள் பலர் அறிவார்கள். அங்கேதான் 1930களின் பிற்பகுதியில் ஹால் கிரே என்ற பௌதிகவியலாளர், ஜோன் றீட் என்பவருடன் சேர்ந்து நியூத்திரன் கதிர்களை உண்டாக்கும் கருவியொன்றை அமைத்தார். நியூத்திரன் என்ற துணிக்கையையே ஜேம்ஸ் சட்விக் 1932இல்தான் கேம்பிரிட்ஜில் கண்டுபிடித்திருந்தார்.

கிரே எடுத்துக்கொண்டது கடைகளில் நாம் வாங்கும் புரோட் பீன்ஸ் செடியின் வேர்களை. கதிர்பட்ட வேர்களின் வளர்ச்சி எவ்வளவு தடைப்படுகிறது என்று அளந்தார். உறிஞ்சப்படும் சக்தி ஒரே அளவாக இருந்தாலும், எக்ஸ் கதிரைவிட நியூத்திரன் பல மடங்கு சேதம் செய்வது தெரியவந்தது. இன்றைய பாதுகாப்புக் கணக்கில் அதன் தீங்கு, சக்தியைப் பொறுத்து, ஏறத்தாழ 20 மடங்கு வரை கூட்டி மதிக்கப்படுகிறது. உறிஞ்சப்பட்ட கதிரின் அலகுக்கு 1975இல் 'கிரே' என்றே பெயரிட்டார்கள்.

இவ்வளவு தீங்கு செய்வதை ஒரு தொழிலாளியின் சட்டையில் வைத்து அளப்பது எப்படி? நியூத்திரனுக்கு மின்னேற்றம் இல்லை. தானாகத் தடம் பதிக்காது. முன்பு அணிந்த விசேட புகைப்படச் சுருளில் விழுந்த தடங்களோ வெப்பத்திலும் ஈரலிப்பிலும் மங்கிவிடும்.

வழி திறந்தது 1958இல். ஒக்ஸ்ஃபோர்ட்டுக்குத் தெற்கே ஹாவெல் அணு ஆய்வு நிலையத்தில் டி. ஏ. யங் என்பவர், அணுப்பிளவுத் துண்டுகள் பாய்ந்த பளிங்கை இரசாயனத்தில் அரிக்க வைத்தார். துண்டுகள் பாய்ந்த இடங்களில் குழிகள் தோன்றின. 1960களில் அமெரிக்க விஞ்ஞானிகள் இதனைப் பிளாஸ்ரிக்கிலும் செய்துகாட்டினார்கள். 1978இல் மிகச் சிறந்ததெனக் கண்டறியப்பட்ட பிளாஸ்ரிக், மூக்குக்கண்ணாடி வில்லை செய்யும் சீ.ஆர்.-39.

வேகமான நியூத்திரன் இந்தப் பிளாஸ்ரிக்கில் உள்ள ஐதரசன் அணுவை மோதும். உதைபட்ட புரோத்தன் பாய்ந்த வழியெங்கும் பிளாஸ்ரிக் காயப்படும். அதனைச் சூடான எரிசோடாக் கரைசலில் ஊறவைத்தால் காயம் குழியாக விரியும். நுணுக்குக்காட்டியில் குழிகளை எண்ணி, பெற்ற கதிரளவைக் கணிப்பார்கள். எக்ஸ் கதிரும் காமாக் கதிரும் இதில் தடம் விடுவதில்லை. மின்கலமும் தேவையில்லை. ஹாவெலுக்குப் பக்கத்தில், சில்டனில் இயங்கிய தேசிய கதிரியக்கப் பாதுகாப்புச் சபை இந்தப் பிளாஸ்ரிக்கைத் தொழிலாளரின் நியூத்திரன் அளவீட்டுக்கும், வீடுகளில் ரேடன் வாயுவை அளப்பதற்கும் பயன்படுத்தியது.

ஒரு குறை உண்டு. இது ஆபத்து நேரத்தில் எச்சரிக்காது. நடந்ததைப் பின்னர்தான் சொல்லும். ஆனாலும் அந்தப் பதிவு சிறியதல்ல. இந்நாட்டில் கதிர்வீச்சுத் தொழிலாளி ஒருவருக்கான உச்சவரம்பு ஆண்டுக்கு 20 மில்லிசீவேட். உடல் உணராத ஒன்று அந்த வரம்பை மீறியதா என்பதற்கு அளவீடு மட்டுமே சாட்சி. கையில் ஆவணம் இல்லாமல் நடந்ததை நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்று எங்கள் சமூகத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வைத்தியசாலைகளிலும் ஆய்வுகூடங்களிலும் கதிர்களுடன் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகள், கொடுத்த அட்டையை ஒழுங்காக அணியட்டும்; தம் கதிரளவுப் பதிவைக் கேட்டுப் பார்க்கட்டும். அது அவர்களது உரிமை.