வேகத்தின் குடியுரிமை

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறவன் குடியிருக்க எந்த நாடு நல்லது என்ற கேள்வியை நான் முதன்முதலில் கேட்டது ஒரு றெஸ்ரோறன்ற் குசினியில். 1986ஆம் ஆண்டு, ஜேர்மனி. பின்கதவுக்கு வெளியே முதலாளியின் கறுப்பு போர்ஷ 911 நிற்கும். சனி இரவுகளில் கடை பூட்டிய பிறகு அவரும் கூட்டாளிகளும் பியர் குடித்தபடி இதைத்தான் கதைப்பார்கள். நான் கோப்பை கழுவியபடி கேட்டுக்கொண்டிருப்பேன். (அகதி விண்ணப்பம் முடிவாகாதவன் வேலை செய்யக்கூடாது என்பது அன்றைய விதி. ஆகவே சட்டப்படி நான் அந்தக் குசினியில் இருக்கவேயில்லை.)

விவாதம் எப்போதும் ஒரே பாதையில்தான் போகும். மொனாக்கோவில் வருமான வரி இல்லை, ஆனால் முழு நாடுமே இரண்டு சதுர கிலோமீற்றர். அங்கே காரை வைத்திருக்கலாம், ஓடேலாது. சுவிஸ்காரர்கள் 1955இல் லெ மான் பந்தயத்தில் 80 பேருக்கு மேல் செத்ததைப் பார்த்துப் பயந்துபோய்த் தங்கள் நாட்டில் வட்டப்பாதைப் பந்தயத்தையே தடை செய்துவிட்டவர்கள். இத்தாலியில் இரண்டு லீற்றருக்கு மேற்பட்ட எஞ்சினுக்குக் கடுமையான வரி. ஃபெராரி கம்பனியே 1975இலிருந்து உள்ளூருக்கென்று சின்ன எஞ்சின் போட்டு 208 என்றொரு காரைச் செய்ய வேண்டி வந்தது. மான் தீவில் ஊருக்கு வெளியே வேகத்தடை கிடையாது, ஆனால் தீவு சட்டென்று முடிந்துவிடும். கடைசியில் எல்லாரும் மேசையைத் தட்டி ஒன்றைத்தான் சொல்வார்கள்: இந்த நாடுதான், டொச்லாண்ட்தான்.

முதலாளி இத்தாலியர். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கார்த் தொழிற்சாலைக்கு 'விருந்தாளித் தொழிலாளி'யாக வந்து, பெல்ட்டில் எட்டு வருடம் நின்று, பிறகு கடை போட்டவர். அவருக்கு ஓட்டோபான் வெறும் றோட்டு அல்ல. 'இங்கே என்னை யாரும் நிறுத்துவதில்லை' என்பார். அந்த வசனத்தின் வரலாற்றைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

ஓட்டோபானை ஹிட்லர் போட்டான் என்பது நம்மூரிலும் நம்பப்படுகிற கதை. கொலோனுக்கும் பொன் நகருக்கும் இடையே குறுக்குச் சந்தி இல்லாத கார்ப் பாதையை 1932 ஓகஸ்டில் திறந்து வைத்தவர் அப்போதைய கொலோன் மேயர் அடெனவர். நாஸிகள் அதைத் தங்கள் பெயரில் எழுதிக்கொண்டார்கள். 1934இல் வேகக் கட்டுப்பாடுகளையும் நீக்கினார்கள். அந்த வெண்சாந்து வீதிகளில் ஓடுவதற்குச் சனங்களிடம் கார் இருக்கவில்லை. மக்கள் காருக்கென்று வாராவாரம் முத்திரை ஒட்டிப் பணம் சேர்த்தவர்கள் சுமார் 3,36,000 பேர். அந்தத் திட்டத்தில் ஒருவருக்குக்கூட கார் கிடைக்கவில்லை. வீதி இருந்தது, வேகம் ஒரு காட்சியாக இருந்தது. 1938 ஜனவரி 28 அன்று பிராங்பேர்ட் – டார்ம்ஸ்டாட் பாதையில் கறாச்சியோலா மணிக்கு 432 கிலோமீற்றர் வேகத்தைத் தொட்டார். அதே நாள் அதை முறிக்கப் போன பேர்ண்ட் ரோஸமயர் காற்றில் தூக்கி எறியப்பட்டுச் செத்தார். எஸ்.எஸ். உறுப்பினர்; வயது 28. பாசிசத்துக்கு அது தேவையான மரணம். அதே வீதித் திட்டத்தின் முகாம்களில் பின்னர் யூதர்கள் கட்டாய உழைப்பில் வதைபட்டதற்கு அப்படியான படப்பிடிப்பு எதுவும் இல்லை.

எரிபொருளுக்கும் யுத்தத்துக்கும் பயந்து 1939இல் நாஸிகளே வேகத்தைக் கட்டிப்போட்டார்கள். இது முக்கியம். ஏனென்றால் 1953 ஜனவரியில் மேற்கு ஜேர்மனி எல்லாக் கார் வேகத்தடைகளையும், நகரத்துக்குள் இருந்ததையும் சேர்த்து, ஒரேயடியாக எடுத்தெறிந்தபோது, நாஸிக் காலத்துத் தளை ஒன்றை அறுக்கிற செயலாக அது தோற்றம் கொள்ள முடிந்தது. கேட்டுப்பெற வேண்டிய சுதந்திரங்கள் எத்தனையோ கிடக்க, முதலில் கைக்கு வந்தது அக்ஸிலறேற்றர். நகரத்துக்குள் 50 என்ற தடை 1957இல்தான் திரும்பி வந்தது. கிராமத்து வீதிகளுக்கு 100 என்பது 1972 வரை தாமதித்தது. இடையில் 1970இல் மட்டும் மேற்கு ஜேர்மனியின் வீதிகளில் செத்தவர்கள் 19,000க்கு மேல். ஒரு சிறு பட்டினத்தின் சனத்தொகை. அதை ஒருவரும் அரசியல் மரணம் என்று சொல்வதில்லை.

இனி 1973க்கு வருகிறேன். அந்த வருடம் ஓகஸ்ட் கடைசியில் கொலோன் போர்ட் தொழிற்சாலையில் துருக்கித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். காரணம், லீவில் ஊருக்குப் போனவர்களில் சுமார் 300 பேர் பிந்தி வந்தார்கள் என்று வேலையிலிருந்து நீக்கப்பட்டது. அனற்றோலியாவிலிருந்து யூகோஸ்லாவியா, ஆஸ்திரியா ஊடாக ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பழைய கார்களில் வருகிறவர்கள் பிந்தாமல் என்ன செய்வார்கள்! கூலி உயர்வு கேட்டார்கள், கூடவே இன்னொன்றும் கேட்டார்கள்: பெல்ட்டின் வேகத்தைக் குறையுங்கள் என்று. அதாவது அவர்கள் கேட்டது ஒரு வேகத்தடை. கப்ரி என்ற ஸ்போர்ட்ஸ் காரை விற்றுக்கொண்டிருந்த கம்பனியிடம், அதைச் செய்கிற கைகளுக்கு ஒரு வேகத்தடை. ஆறு நாள் கழித்துப் பொலிஸ் உள்ளே புகுந்து முடித்து வைத்தது.

மூன்று மாதம் போகவில்லை, எண்ணெய் நெருக்கடி வந்தது. நவம்பர் 23ஆம் திகதி வெளிநாட்டுத் தொழிலாளரைச் சேர்ப்பதை அரசு நிறுத்தியது. நவம்பர் 24ஆம் திகதி ஓட்டோபானில் 100 கிலோமீற்றர் என்ற தடை நடைமுறைக்கு வந்தது. அடுத்தடுத்த இரண்டு நாட்கள். ஒரு தடை மனிதருக்கு, ஒரு தடை காருக்கு. பிறகு நடந்ததைப் பாருங்கள். வாகன ஓட்டிகளின் பெரிய சங்கமான ஆடாக் 'சுதந்திரப் பிரஜைகளுக்குச் சுதந்திரப் பயணம்' என்கிற தொனியில் பிரசாரம் தொடங்கியது. தடையை வைத்திருக்க விரும்பிய போக்குவரத்து அமைச்சர் லவுரிற்சன் தோற்றார். 111 நாளில், 1974 மார்ச் நடுவில், காரின் தடை போய்விட்டது. அதன் இடத்தில் 130 என்ற வெறும் சிபாரிசு வந்தது. மனிதரின் தடை பல தசாப்தங்களுக்கு அப்படியே இருந்தது. மனிதருக்கு ஆடாக் மாதிரி ஒரு சங்கம் இல்லை, என்ன செய்வது.

பால் விரிலியோ 1977இல் எழுதிய 'வேகமும் அரசியலும்' நூல் அதிகாரத்தை வேகத்தின் ஊடாக வாசிக்கச் சொல்கிறது. நல்லது. ஆனால் அவரை மேற்கோள் காட்டுகிற நம் நண்பர்கள் பலர் வேகத்தின் கவர்ச்சியில் மயங்கி, ஒருவன் வேகமாய்ப் போவதற்காக யாரை எங்கே நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று கேட்க மறந்துவிடுகிறார்கள்.

என்னை நிறுத்தி வைத்திருந்தார்கள். 1985 தொடக்கத்தில் கிழக்கு பேர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலேறி மேற்குக்கு வந்த தமிழர்களில் நானும் ஒருவன். 1982 தஞ்சச் சட்டத்தின்படி, விண்ணப்பித்தவன் தனக்கென்று குறித்த அலுவலகத்தின் மாவட்டத்தை விட்டு அனுமதியில்லாமல் வெளியே போகக்கூடாது. முதல் தரம் பிடித்தால் அபராதம். திரும்பவும் என்றால் ஒரு வருடம் வரை சிறை. அது என் கடதாசியில் முத்திரையாகக் குத்தப்பட்டிருந்தது. வேகத்துக்கு எல்லை இல்லாத நாட்டில் என் எல்லை ஒரு பஸ் ரிக்கற் தூரம்.

1987 மாரியில் என் அண்ணை வந்து சேர்ந்தார். அவரை 110 கிலோமீற்றர் தள்ளியிருந்த ஒரு முகாமில் போட்டார்கள். அவரைக் கண்டு இரண்டரை வருடம். அனுமதி கேட்டு எழுதினேன், பதில் வரவில்லை. ஒரு திங்கள், கடை பூட்டின நாள், முதலாளியிடம் சொன்னேன். அவர் திறப்பை எடுத்து, 'ஏறு' என்றார்.

அந்தப் பயணத்தை நான் இன்னும் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை. ஊசி 220ஐத் தாண்டியது. வயிறு முதுகோடு ஒட்டியது. சந்தோசமாகவும் இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. நாங்கள் முந்திய கார்களின் நம்பர்த் தகட்டைப் பார்த்தேன். ஜேர்மன் தகட்டில் முதல் எழுத்துகள் மாவட்டத்தைக் குறிக்கும். எழுத்து மாற மாற நான் குற்றத்துக்குள் ஆழமாய்ப் போய்க்கொண்டிருந்தேன். மூன்று மாவட்டம் கடந்திருப்போம். காரும் தன் மாவட்டத்தை நெற்றியில் எழுதிக்கொண்டுதான் ஓடுகிறது, ஆனால் அதற்கு அது வெறும் விலாசம். போர்ஷவை யாரும் மறிக்கவில்லை.

முகாம் வாசலில் அண்ணை என்னை அடையாளம் பிடிக்க முதல் காரைத்தான் பார்த்தார். 'டேய், உன்ர காரோ?' என்று கேட்டார்.

முதலாளிக்கு அவசர வேலை, அவர் திரும்பிவிட்டார். நான் இரவு லோக்கல் ரயிலில் வந்தேன். பாதி வழியில் பொலிஸ் ஏறியது. பெட்டியில் இருந்த கறுத்த ஆள் நான் ஒருவன்தான். அபராதத்தை முதலாளி கட்டுவதாகச் சொன்னார். நான் விடவில்லை, இரண்டு மாதச் சம்பளத்தில் கட்டி முடித்தேன். 'ரயிலில் போனது உன் பிழை' என்றார் அவர். பகிடியாகச் சொன்னாரா என்று இன்றைக்கும் தெரியாது. அவரைப் பற்றிக் கோபமாக எழுத எனக்கு வரவில்லை. பெல்ட்டில் எட்டு வருடம் நின்றவனுக்கு அந்தக் கார் என்னவாக இருந்திருக்கும் என்பது எனக்கு விளங்குகிறது. அது என்னையும் ஒரு மணித்தியாலத்துக்குள் அண்ணையிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. சங்கடம் என்னவென்றால், அவருக்குக் கிடைத்த சுதந்திரம் அவருடைய பெயரில் அல்ல, காரின் பெயரில்தான் கிடைத்தது.

கிழக்கு ஜேர்மனியில் ஓட்டோபான் வேகம் 100. இரண்டு நாடும் 1990இல் ஒன்றான பிறகும் கிழக்கில் அந்தத் தடை 1992 கடைசிவரை இருந்தது. பிறகு அங்கும் திறந்துவிட்டார்கள். அதே வருடங்களில்தான் அங்கே அகதி விடுதிகள் எரிந்தன. 2021இல் பசுமைக் கட்சியும் சேர்ந்து அமைத்த கூட்டணிகூடப் பொது வேகத்தடை கிடையாது என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வைத்தது. அகதியின் மாவட்டத் தடை 2015 ஜனவரியில் பெரும்பாலும் தளர்ந்தது, மூன்று மாதம் கழிந்தவர்களுக்கு. அந்த ஆண்டு முடிய முன்னமே, முதல்நிலை முகாம்களில் இருப்பவர்களுக்கு அதை மறுபடி நீட்டினார்கள்.

போன கோடையில் அண்ணையின் காரில் தெற்கே போனோம். பின் சீற்றில் அவருடைய பேரன் நம்பர்த் தகட்டின் எழுத்தைப் பார்த்து ஊர் சொல்லும் விளையாட்டு விளையாடிக்கொண்டு வந்தான். இடதுபக்கத்தால் ஒரு மஞ்சள் போர்ஷ சீறிக்கொண்டு போனது. பெடியனுக்கு எழுத்தை வாசிக்க நேரம் காணவில்லை. என் பழைய மாவட்டம், நான் சொன்னேன்.