வீட்டுல இருக்கிற கேம் சர்வருக்கு வெளியில இருந்து ஏன் வர முடியல? ஒரு நீண்ட இழை

போன வாரம் நைட் டியூட்டி முடிச்சு வந்து படுத்தவனை, எட்டாவது படிக்கிற அக்கா பையன் எழுப்பிட்டான்.

"மாமா, என் சர்வர்ல பாப்பா வரா. என் ஃப்ரெண்டு வீட்ல இருந்து மட்டும் வரமாட்டேங்குது."

என்னோட பழைய லேப்டாப்பில் ஒரு மைன்கிராஃப்ட் சர்வரை அவனே போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறான். ஹாலில் இருக்கும் தங்கச்சி உள்ளே வருகிறாள். இரண்டு தெரு தள்ளி இருக்கும் நண்பனால் வர முடியவில்லை.

"ரவுட்டர்ல போர்ட் திறக்கணும்டா" என்று சொல்லிவிட்டு திரும்பிப் படுத்திருப்பேன். அவன் அடுத்து ஒரு கேள்வி கேட்டான்.

"இன்டர்நெட்ல எல்லா கம்ப்யூட்டரும் எல்லா கம்ப்யூட்டரோடயும் பேசும்னு தானே புக்குல இருக்கு?"

புக்கில் இருப்பது சரிதான். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. அது எப்போ மாறுச்சு, யார் மாத்தினாங்க என்பதைத்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம். பொறுமையா வாங்க.

இன்றும் நாம் பயன்படுத்தும் ஐபி முகவரி முறை 1981 செப்டம்பரில் எழுதி வெளியிடப்பட்டது. 1983 ஜனவரி 1 அன்று அமெரிக்காவின் அர்பாநெட் இந்த முறைக்கு மாறியது. ஒரு முகவரிக்கு 32 பிட். மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள். அன்றைக்கு இருந்த கணினிகளுக்கு அது அள்ளிக் கொடுத்த மாதிரி. வீட்டுக்கு வீடு போன், டிவி, கேமரா எல்லாம் ஆளுக்கொரு முகவரி கேட்கும் என்று யாரும் கணக்குப் போடவில்லை.

இங்கே ஒன்றை கவனியுங்கள். அந்த வடிவமைப்பில் "சர்வர்" என்று தனியாக ஒரு ஜாதி கிடையாது. முகவரி இருக்கிற எந்தக் கணினியும் அடுத்தவரைக் கூப்பிடலாம், அடுத்தவரும் அதைக் கூப்பிடலாம்.

1990களின் தொடக்கத்தில் இந்த முகவரிகள் தீர்ந்துவிடும் என்பது புரிந்துவிட்டது. 1994 மே மாதம் எகவாங், ஃபிரான்சிஸ் என்ற இருவர் ஒரு யோசனையை எழுதி வெளியிட்டார்கள். அதன் பெயர் நேட். பல கணினிகள் ஒரே ஒரு பொது முகவரிக்குப் பின்னால் இருந்துகொள்ளலாம். இது குறுகிய காலத் தீர்வு என்று அந்த ஆவணத்திலேயே இருக்கிறது.

அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவனுக்கு "தற்காலிகம்" என்ற சொல்லின் ஆயுள் நல்லாவே தெரியும். தற்காலிகமாகப் போட்ட தகர ஷெட்டில்தான் வருஷக்கணக்கா ஓபி ஓடும். நேட் அப்படி ஒரு ஷெட். 30 வருஷம் தாண்டியும் அதுக்குள்ளதான் இருக்கோம்.

அது எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போம். ஒரு ஆஸ்பத்திரிக்கு வெளியில தெரிஞ்ச போன் நம்பர் ஒண்ணுதான். உள்ளே லேபர் வார்டு, பிளட் பேங்க், கேஷுவாலிட்டி ஒவ்வொண்ணுக்கும் ஒரு எக்ஸ்டென்ஷன். வார்டில் இருந்து வெளியே பேசினால் சிக்கல் இல்லை, எதிர்முனை அதே லைனில் பதில் சொல்லிவிடும். வெளியில இருந்து புதுசா ஒருத்தர் கூப்பிட்டா ஆபரேட்டர் கேட்பார்: "எந்த வார்டு?" அதைச் சொல்லத் தெரியலைன்னா லைன் அங்கேயே நிக்கும்.

இந்த உவமை என்னுடையது இல்லை. 1994இல் அமெரிக்காவில் ஜான் மேயஸ், பிராண்ட்லி கோய்ல் என்ற இருவர் நேட் செய்வதற்கென்றே ஒரு பெட்டி தயாரித்தார்கள். அலுவலக டெலிபோன் எக்ஸ்சேஞ்சான பிபிஎக்ஸை மனதில் வைத்து அதற்கு பிக்ஸ் என்றே பெயர் வைத்தார்கள். அடுத்த வருடமே அந்தக் கம்பெனியை சிஸ்கோ வாங்கிவிட்டது.

1996 பிப்ரவரியில், வெளியே செல்லாத உள் முகவரிகள் எவை என்ற பட்டியல் உறுதியானது. உங்க ரவுட்டர்ல 192.168னு ஆரம்பிக்குதே, அது அந்தப் பட்டியலில் இருப்பதுதான். தமிழ்நாட்டிலும் பிரேசிலிலும் லட்சக்கணக்கான வீடுகளில் அதே எண். அது எக்ஸ்டென்ஷன் நம்பர் மட்டுமே.

இப்போ கேமுக்கு வருவோம்.

1993 டிசம்பர் 10 அன்று டூம் வெளியானது. ஒரே கட்டடத்தின் லேன் நெட்வொர்க்கில் நாலு பேர் சேர்ந்து ஆடலாம். முதல் பதிப்பு ஒவ்வொரு தகவலையும் நெட்வொர்க்கில் இருக்கிற எல்லாக் கணினிக்கும் அனுப்பியதால், அலுவலகங்களும் பல்கலைக்கழகங்களும் மூச்சுத் திணறி அதைத் தடை செய்தன.

அதே கம்பெனியின் குவேக் 1996 ஜூனில் வந்தது. நிரலாளர் ஜான் கார்மாக் அதை முழுக்க சர்வர் முறையில் எழுதியிருந்தார். ஒரு கணினி சர்வர், மற்றவை அதை இணையம் வழியாக அழைக்கும். போர்ட் எண் 26000. அந்த சர்வரை யார் வேண்டுமானாலும் வீட்டில் ஓட்டலாம். டயல்-அப் போட்டால், இணைப்பு இருக்கும் வரை உங்களுக்கு என்று ஒரு நிஜ முகவரி பெரும்பாலும் கிடைத்துவிடும். அந்த எண்ணை நண்பனிடம் படித்துச் சொன்னால் போதும், அவன் வந்துவிடுவான். வேகம்தான் ஆமை.

பிறகு பிராட்பேண்ட் வந்தது. வேகம் கூடியது. ஒரு இணைப்பை வீட்டில் எல்லாரும் பகிர்ந்துகொள்ள ரவுட்டர் வந்தது, அதற்குள் நேட் வந்தது. விளையாட்டு சர்வர் ஓட்டும் அளவுக்கு வீட்டில் வேகம் கிடைத்த அதே நேரத்தில் வீட்டு வாசல் மூடிக்கொண்டது. இந்தக் கதையில் எனக்கு ரொம்ப வருத்தமான இடம் இதுதான்.

2002இல் வார்கிராஃப்ட் 3 வந்தது. ரசிகர்களே மேப் உருவாக்கி ஆடலாம், டோட்டா பிறந்தது அப்படித்தான். ஆனால் புது ஆட்டத்தைத் தொடங்கி மற்றவர்களை அழைக்க வேண்டுமென்றால் ரவுட்டரில் 6112 என்ற போர்ட்டைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அதாவது ஆபரேட்டரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது: "6112னு கேட்டு யார் வந்தாலும் இந்தக் கம்ப்யூட்டருக்கு அனுப்பு." போர்ட் ஃபார்வர்டிங் என்பது இவ்வளவுதான். ஒரு தலைமுறைப் பையன்கள் நெட்வொர்க் கற்றுக்கொண்டது இதில்தான்.

(எங்க மெடிக்கல் காலேஜ் ஹாஸ்டலில் ஜன்னல் வழியா வயர் இழுத்து கவுண்டர் ஸ்ட்ரைக் ஆடினோம். எங்களுக்கு நேட் தெரியாது. வார்டன் மட்டும்தான் தடை.)

வீட்டு முகவரி அடிக்கடி மாறுமே, அதற்கு என்ன வழி? அமெரிக்காவில் வூஸ்டர் பாலிடெக்னிக் மாணவர்கள் சிலர் டின்டிஎன்எஸ் என்ற இலவச சேவையைத் தொடங்கினார்கள். முகவரி மாறினாலும் பெயர் மாறாது. பின்னாளில் அது டின் என்ற பெரிய கம்பெனி ஆனது. இந்தப் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க.

ரவுட்டரில் கை வைக்கத் தெரியாதவர்களுக்காக யுபிஎன்பி வந்தது. கேம் தானே ரவுட்டரிடம் கேட்டு போர்ட்டைத் திறந்துகொள்ளும். வசதிதான், ஆனால் கடவுச்சொல் எதுவும் கேட்காது. வீட்டுக்குள் இருக்கும் எந்தக் கருவி கேட்டாலும் திறந்துவிடும். 2013இல் ஒரு பாதுகாப்பு நிறுவனம் உலகம் முழுக்கத் தேடியபோது, வீட்டுக்குள் மட்டும் பேச வேண்டிய இந்த யுபிஎன்பி எட்டு கோடிக்கும் மேற்பட்ட முகவரிகளில் வெளியாளுக்கும் பதில் சொன்னது.

2011 பிப்ரவரி 3 அன்று உலகப் பொதுக் கையிருப்பில் இருந்த கடைசி முகவரித் தொகுதிகளும் பிரித்துக் கொடுக்கப்பட்டன. இந்தியா உள்ளிட்ட ஆசிய பசிபிக் பகுதி ஏப்ரல் 15 அன்றே தன் கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. அப்புறம் நெட் கம்பெனிகள் என்ன செய்யும்? பல வீடுகளைச் சேர்த்து ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்தன. இது சிஜிநேட். 2012 ஏப்ரலில் இதற்கென்றே 100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகள் ஒதுக்கப்பட்டன.

ஆஸ்பத்திரி ஆபரேட்டருக்கு மேலே தாலுகாவுக்கே ஒரு ஆபரேட்டர். உங்க ரவுட்டரில் நீங்க என்ன எழுதி வச்சாலும் மேலே இருப்பவருக்கு அது தெரியாது. யூடியூப் வீடியோ பார்த்து போர்ட் திறந்தும் வேலை செய்யலைன்னு புலம்புகிற பாதிப் பேருக்கு இதுதான் காரணமாக இருக்கும். ரவுட்டர் பக்கத்தில் வான் ஐபி என்ற இடத்தைப் பாருங்கள். அந்த வரிசையில் ஏதாவது இருந்தால் ரவுட்டரை நோண்டி நேரத்தை வீணாக்காதீர்கள்.

மைன்கிராஃப்டின் முழுப் பதிப்பு 2011 நவம்பரில் வந்தது, முகவரிகள் தீர்ந்த அதே வருடம். அதன் போர்ட் 25565. வீட்டில் சும்மா கிடக்கிற லேப்டாப்பே போதும் என்கிற கேமுக்கு, வாசல் மூடியிருப்பதால் பிள்ளைகள் மாத வாடகை கட்டி வேறு எங்கோ சர்வர் எடுக்கிறார்கள்.

சரி டாக்டர், கதவை அகலமா திறந்துடலாமான்னா, கூடாது.

2016இல் அமெரிக்காவில் மூன்று இளைஞர்கள் மிராய் என்ற நிரலை எழுதினார்கள். மைன்கிராஃப்ட் சர்வர் நடத்துபவர்களுக்குப் பாதுகாப்பு விற்ற தொழிலில் இருந்தவர்களும் அதில் உண்டு. ஃபேக்டரி கடவுச்சொல்லை மாற்றாமல் இணையத்துக்குத் திறந்து கிடந்த கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் மிராய் புகுந்தது. 60க்குச் சற்று அதிகமான பெயர், கடவுச்சொல் ஜோடிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும், அவ்வளவுதான். உச்சத்தில் சுமார் 6 லட்சம் கருவிகள் அதன் பிடியில் இருந்தன. எல்லாவற்றையும் ஒரே சர்வர் மேல் ஏவினால் அது படுத்துவிடும். நிரலைப் பொதுவெளியிலும் விட்டார்கள். அக்டோபர் 21 அன்று வேறு கைகள் அதன் ஒரு வடிவத்தை வைத்து டின் கம்பெனியைத் தாக்கின. ஆமாம், வீட்டு சர்வர்களுக்குப் பெயர் கொடுத்த அதே டின். ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பலருக்கு மணிக்கணக்கில் திறக்கவில்லை. அந்தத் தாக்குதலின் குறி சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் என்று அமெரிக்க நீதித்துறை பின்னால் சொன்னது.

2021 டிசம்பர் இன்னும் மோசம். லாக்4ஜே என்ற நிரல் நூலகத்தில் ஓட்டை. மைன்கிராஃப்ட் சாட்டில் குறிப்பிட்ட மாதிரி ஒரு வரி டைப் பண்ணினால் போதும், சர்வர் ஓடும் கணினியே அடுத்தவர் கைக்குப் போய்விடும். டிசம்பர் 10 அன்று அவசரமாகத் திருத்தப் பதிப்பு விட்டார்கள். அப்டேட் பண்ணாத வீட்டு சர்வர்கள் திறந்த புண்தான்.

"நேட் இருக்கே, அது பாதுகாப்பு தானே?" என்று சிலர் கேட்பீர்கள். அது பக்கவிளைவு. மாத்திரை எழுதினது வேறு நோய்க்கு, தூக்கம் வந்தது உபரி.

நிரந்தரத் தீர்வு ஏற்கெனவே இருக்கிறது. ஐபிவி6, 128 பிட் முகவரி, முதல் வரையறை 1995 டிசம்பரிலேயே வந்துவிட்டது. தகர ஷெட் போட்ட ஒன்றரை வருஷத்தில் புதுக் கட்டடத்துக்கு பிளான் ரெடி! குடிபோகத்தான் இத்தனை காலம். இன்று உலகில் ஐபிவி6 அதிகம் பயன்படுத்தும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

நம்ம வீட்டுக் கதைக்கு வருவோம். எங்க ரவுட்டரில் வான் ஐபி 100.70 என்று ஆரம்பித்தது. சிஜிநேட். போர்ட் ஃபார்வர்டிங் கதை அதோடு முடிந்தது. ஆனால் எங்களுக்கும் அந்த நண்பன் வீட்டுக்கும் ஐபிவி6 இருந்தது. ரவுட்டரின் ஃபயர்வாலில் அந்த ஒரு லேப்டாப்புக்கு, 25565 மட்டும், அனுமதி கொடுத்தேன். சர்வரைப் புதிய பதிப்புக்கு மாற்றி, வொயிட்லிஸ்ட்டைப் போட்டு இரண்டே பெயர்களைச் சேர்த்தோம். ரவுட்டர் கடவுச்சொல்லை மாற்றினேன் (அதுவரை அட்மின், அட்மின் தான் இருந்தது, என்னத்த சொல்ல). யுபிஎன்பியை அணைத்தேன்.

ஐபிவி6 இல்லாதவர்களுக்கு டெயில்ஸ்கேல் மாதிரி செயலிகள் இருக்கின்றன. இரண்டு வீடுகளும் ஒரே சமயத்தில் உள்ளிருந்து வெளியே கூப்பிட வைத்து, நடுவில் சந்திக்க வைக்கும். அது முடியாத இடத்தில் தானே இடைத்தரகராக நின்று கடத்திவிடும்.

ஞாயிறு சாயங்காலம் அந்தப் பையன் உள்ளே வந்துட்டான். வந்ததும் முதல் வேலையா, என் மருமகன் ஒரு வாரமா மரத்துல கட்டி வச்சிருந்த வீட்டுக்குத் தீ வச்சான்.

இப்போ வொயிட்லிஸ்ட்டில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கு. பாப்பா.