புழுங்கலரிசியும் என் முன்கோபமும்

என் மனைவி போன பிறகு ஒரு வருஷம் நான் என்ன சாப்பிட்டேன் என்று எழுத இப்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது. காலையில் ரொட்டியும் காப்பியும். மத்தியானம் வெள்ளை வெளேரென்று ஒரு சோறு, தொட்டுக்கொள்ள ஊறுகாய். ராத்திரி மறுபடியும் ரொட்டி. பேப்பர் போடும் பையனிடம் எரிந்து விழுவேன். மகள் போன் செய்தால் எடுக்க மாட்டேன். துக்கத்தில் இருக்கிறார் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

பாதம் மரத்துப்போகிறது என்று டாக்டரிடம் போனபோது அவர் முதலில் கேட்டது, "ஐயா, வீட்ல என்ன சாப்பிடறீங்க?" என்று. சொன்னேன். 'பி' வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். "புழுங்கலரிசிக்கு மாறுங்க, பயறும் வேர்க்கடலையும் தினமும் சேத்துக்குங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் பாட்டி சொன்னதும் அதேதான்: பச்சரிசி பொங்கலுக்கும் படையலுக்கும், வயிற்றுக்குப் புழுங்கல்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த காலத்தில் 'பெரிபெரி' என்ற நோயைப் பாடமாகப் படித்திருக்கிறேன். காலில் உணர்ச்சி போகும், நெஞ்சு படபடக்கும், கடைசியில் உயிரே போகும். கூடவே 'வைட்டமின்' என்ற சொல். 1912இல் கசிமிர் ஃபங்க் என்ற போலந்துக்காரர் வைத்த பெயர். அவர் எழுதியபோது கடைசியில் ஒரு எழுத்து கூட இருந்தது. ஆங்கிலேயர்கள் 1920வாக்கில் அதை உதறிவிட்டார்கள். பிரெஞ்சில் இன்றும் இருக்கிறது. எங்கள் வாத்தியாருக்கு அதில் ஒரு பெருமை! ஆனால் இந்தக் கதையில் நம் சோற்றுக்கும் ஒரு பங்கு உண்டு என்று அவர் சொல்லவில்லை.

கதை ஜாவாவில் கோழிகளிடம் தொடங்குகிறது. பத்தேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) எய்க்மான் என்ற டச்சு டாக்டர் பெரிபெரிக்குக் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் வளர்த்த கோழிகள் திடீரென்று தள்ளாட ஆரம்பித்தன. கொஞ்ச நாளில் தானாகவே தேறின. விசாரித்தால், ராணுவ ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த சமையல்காரர், ராணுவத்துச் சோறு சிவிலியன் கோழிகளுக்கு எதற்கு என்று நிறுத்திவிட்டார். சர்க்கார் ஆபீஸில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன் நான். அந்தச் சமையல்காரரை எனக்கு நன்றாகத் தெரியும் போலவே இருக்கிறது. சட்டம் பேசி ஒருவர் உலகத்துக்கு நன்மை செய்தது இந்த ஒரு தடவைதானோ என்னவோ.

பிறகு ஃபோர்டர்மான் என்பவர் ஜாவாவில் நூற்றுக்கு மேற்பட்ட சிறைகளின் கணக்கை எடுத்தார். தீட்டிய வெள்ளையரிசி போட்ட சிறைகளில் சுமார் 39 கைதிக்கு ஒருவருக்கு நோய். தவிடு போகாத அரிசி போட்ட சிறைகளில் பத்தாயிரத்துக்கு ஒருவர்.

மலாயாவில்தான் நம்மவர்கள் வருகிறார்கள். வெள்ளீயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் சயாம் வெள்ளையரிசி சாப்பிட்டு, கொத்துக் கொத்தாக மாண்டார்கள். அதே நாட்டில் கூலிக்குப் போன தமிழர்களை அந்த நோய் அநேகமாகத் தொடவில்லை. அவர்கள் பானையில் இருந்தது புழுங்கலரிசி. பிராடன் என்ற டாக்டர் இதைக் கவனித்து எழுதினார். 1905இல் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் ஃபிளெச்சர் என்ற டாக்டர், பாதிப் பேருக்கு வெள்ளையரிசியும் பாதிப் பேருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். ஒருவேளை குற்றம் கட்டடத்தில் இருக்குமோ என்று நடுவில் இரண்டு கூட்டத்தையும் இடம் மாற்றினார். நோய் கட்டடத்தோடு நிற்கவில்லை, அரிசியோடு போனது. வெள்ளையரிசி சாப்பிட்டவர்களில் 18 பேர் இறந்தார்கள்.

நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. அப்புறம் மில்லில் தீட்டினாலும் முழுக்கப் போகாது. பச்சரிசியில் தவிடு போனால் சத்தும் போச்சு. மிச்சம் இருப்பதையும் நாலு தடவை களைந்து, கஞ்சியை வடித்துக் கொட்டிவிடுகிறோம்.

எண்பதுகளில் என்னை ஏனாமுக்கு மாற்றினார்கள். கோதாவரிக் கரை, அருமையான ஊர். சாப்பாடு மட்டும் மூன்று வேளையும் பச்சரிசிச் சோறு. புழுங்கலரிசி வாசனையைச் சொல்லி அங்கே என்னைக் கேலி செய்வார்கள். பிரிட்டிஷ் காலத்தில் அந்த ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் பெரிபெரி இருந்ததும், புழுங்கல் சாப்பிட்ட தமிழ் மாவட்டங்களில் அது அபூர்வமாக இருந்ததும், அய்க்ராய்டு என்பவர் குன்னூர் ஆய்வுக்கூடத்தில் இந்த அரிசிகளை ஆராய்ந்ததும் அப்போது எனக்குத் தெரியாது. பி-1 வைட்டமினை 1936இல் செயற்கையாகச் செய்து காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர் பிறந்ததே நெல்லூரில்தான்.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறு ஒரு சங்கதி. 1940வாக்கில் அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து மனநோய் மருத்துவமனை ஒன்றில், சில பெண்களுக்கு இந்த பி-1 சத்தை மட்டும் குறைத்துச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள். (இன்று செய்தால் ஜெயில்தான்.) கால் மரப்பதற்கு முன்னாலேயே அவர்கள் மனம் மாறிவிட்டது. சிடுசிடுப்பு, சண்டை, சோர்வு, மறதி. செய்துகொண்டிருந்த வேலையையும் செய்ய முடியவில்லை. சத்தைத் திருப்பிக் கொடுத்ததும் தேறினார்கள். படித்துவிட்டு அந்தப் பேப்பர் பையனை நினைத்துக்கொண்டேன்.

அரிசியை மாற்றினால் துக்கம் போகும் என்று நான் சொல்லவில்லை. அவள் இல்லாத வீடு இல்லாத வீடுதான். ஆனால் என் கோபத்தில் எவ்வளவு துக்கம், எவ்வளவு ஊறுகாய்ச் சோறு என்று இன்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மாத்திரையோடு புழுங்கலரிசிக் கஞ்சியும் சுண்டலும் தொடங்கி இரண்டு மாதத்தில் பாதம் சரியானது. காலையில் கடற்கரைக்கு நடக்கப் போக ஆரம்பித்தேன். பையனிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். அவனுக்கு எதற்கென்றே புரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் வந்திருந்தாள். பானையைத் திறந்தவள், "அப்பா, அம்மா வடிச்ச சோறு வாசனை வருதே" என்று சொல்லிவிட்டு, தானே தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.