குடத்தில் இட்ட ஓலை

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, ஏரியும் வயலும் சூழ அமைந்த ஊர் உத்திரமேரூர். அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று அவனது 12-ஆம் ஆட்சியாண்டிலும் (கி.பி. 919), மற்றொன்று 14-ஆம் ஆட்சியாண்டிலும் (கி.பி. 921) வெட்டப்பட்டவை. ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் முறையை அவை விரித்துரைக்கின்றன. தேர்தல் வந்துவிட்டால் இக்கல்வெட்டை எடுத்துக்காட்டிப் பெருமை கொள்வது நம்மவர் வழக்கம். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவிலும் பிரதமர் இதனைக் குறிப்பிட்டார். பெருமை பேசுவதோடு நின்றுவிட்டால் அக்கல் சொல்ல வந்த செய்தி நம் செவியில் விழாது.

முதலில் முறையைக் காண்போம். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையார் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதி, குடும்பின் பெயர் தாங்கிய வாயோலையுடன் கட்டாகக் கட்டிக் குடத்தில் இடுவர். சிறியோரும் பெரியோரும் அடங்கிய மகாசபை கூடியிருக்கும். நம்பிமாருள் வயது முதிர்ந்தவர், எல்லோரும் காணக் குடத்தை உயர்த்திப் பிடிப்பார். உள்ளிருப்பது இன்னதென்று அறியாச் சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அதனை வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கியபின், அவனே ஓரோலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில் அதனை ஏற்று வாசிப்பார். நம்பிமார் அனைவரும் அதனைத் திரும்ப வாசிப்பர். இவ்வாறு முப்பதின்மர் அமைவர். தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் முன்பு செய்தோர், கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தோர் ஆகிய பன்னிருவர் சம்வத்சர வாரியத்துக்கும், வேறு பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும், எஞ்சிய அறுவர் ஏரி வாரியத்துக்கும் கொள்ளப்படுவர். பதவிக்காலம் 360 நாள்.

விரித்த விரல்களையே எண்ணிப் பாருங்கள். மத்தியஸ்தனை ஐயுற்றார்கள் என்பதன்று பொருள். ஐயத்துக்கே இடமில்லாது செய்தார்கள் என்பதே பொருள்.

இதனினும் ஆழமானவை தகுதி விதிகள். மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தவன் பெயர் குடத்தில் ஏறாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் பெயரும் ஏறாது. அவனுக்கு மட்டுமா? தாயின் உடன்பிறந்தாள் மக்கள், தந்தையின் உடன்பிறந்தாள் மக்கள், மாமன், மைத்துனன் என நீளும் அவன் உறவினருக்கும் அத்தடை உண்டு. பதவியிலிருக்கையில் குற்றம் கண்டால் அப்போதே நீக்கலாம். முதற் கல்வெட்டில் வயது வரம்பு முப்பது முதல் அறுபது. இரண்டாவதில் முப்பத்தைந்து முதல் எழுபது. தீயோர் கெட்டு நல்லோர் தழைக்க வேண்டும் என்பது திருத்தத்தின் நோக்கமாகக் கூறப்படுகிறது. இரண்டே ஆண்டில் திருத்தம் தேவைப்பட்டதெனில், முதல் ஏற்பாட்டில் குறை கண்டார்கள். கண்ட குறையை மறைக்காமல் திருத்திக் கல்லிலும் வெட்டினார்கள் எனக் கொள்ளலாம்.

மதரஸாவில் ஓதியோர்க்கு இவ்விடத்தில் ‘குர்ஆ’ என்னும் அரபுச் சொல் நினைவுக்கு வரும். சீட்டுக் குலுக்கல் என்பது அதன் பொருள். மர்யம் (அலை) அவர்களை வளர்க்கும் பொறுப்பு யாருக்கு என்பது அவ்வாறே முடிவாயிற்று. பயணத்தில் உடன் வருபவர் யார் என்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் மனைவியரிடையே குர்ஆவினாலேயே தீர்த்தார்கள். உரிமையில் சமமானோரிடையே மனத்தாங்கல் நேராமல் ஒருவரைத் தெரிவதற்கே சட்ட நூலார் அதனைக் கொள்வர். தகுதியை முன்னரே ஆராய்ந்து முடிக்க வேண்டும். உத்திரமேரூரார் செய்ததும் அதுவே: தகுதியை விதி தீர்த்தது, தகுதியுடையோருள் ஒருவரைக் குடம் தீர்த்தது.

ஆயினும் உண்மையை மறைத்தல் வரலாற்றுக்கு அறமாகாது. உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். கால் வேலிக்கு மேற்பட்ட இறை நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடைய ஆடவர் பெயரே ஓலையில் ஏறியது. நான்கு பாடியங்களுள் ஒன்றும் வேதமும் வல்லவனுக்கு அரைக்கால் வேலி போதும் எனும் சலுகை இருந்தது. ஏரியில் தூர் வாரிய கைகளுக்கும், வயலில் நாற்று நட்ட பெண்களுக்கும் அக்குடத்தில் ஓலை இல்லை. அவர்களிடையே நிலவியது இணக்கம்தான். ஆனால் சுவருக்கு உள்ளிருந்தோரின் இணக்கம்.

இந்தச் சுவர் நெடுங்காலம் இடியவில்லை. 73-ஆம் அரசியல் சட்டத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. 1994-இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் பிறந்தது. தாழ்த்தப்பட்டோருக்கும் பெண்களுக்கும் இடங்கள் ஒதுக்கப்பட்டன. உடனே மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊர்களில் என்ன நேர்ந்தது? தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டதால், 1996 முதல் பத்தாண்டுகள் முறையான தேர்தலே நடைபெறாமல் தடுத்தனர். அதற்கும் ‘ஊர் ஒற்றுமை’ என்றே பெயர் சூட்டினர். 2006-இல்தான் அங்கே தேர்தல் நிறைவேறியது. மேலவளவிலோ, 1997-இல் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தோரும் படுகொலை செய்யப்பட்டனர். 2019-ஆம் ஆண்டுத் தேர்தலின்போது சில ஊர்களில் தலைவர் பதவி ஏலம் போனதாகவும் செய்திகள் வந்தன. கோயிலுக்குப் பணம் தருபவரே போட்டியின்றித் தலைவராம்! குடத்தில் ஓலை இட்ட நாட்டில் பணமூட்டை இடலாயினர்.

எனவே இணக்கத்தில் இருவகை உண்டென்று அறிக. ஒன்று, எல்லோரையும் கூட்டி, எல்லோரும் காணச் செய்து, தோற்றவரும் ஏற்கும்படி விதியால் எய்துவது. மற்றொன்று, வாய்களை அடைத்து எய்துவது. உமர் (ரலி) அவர்கள் தம் இறுதி நாளில் அறுவரை நியமித்தபோது, அவர்களுள் ஒருவரான அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) முதலில் தம் உரிமையைத் தாமே விட்டுக்கொடுத்தார். பின்னரே மக்களிடம் கருத்துக் கேட்டார். தமக்கென ஒன்றும் வேண்டாதவரின் நடுநிலையே பிறரை இணங்க வைக்கும்.

உத்திரமேரூர் ஒன்றியத்து ஊராட்சிகள் 2021 அக்டோபரில் வாக்களித்தன. இன்று நிலமோ குலமோ கேளாமல் பதினெட்டு வயது நிறைந்த யாவர்க்கும் ஓலை உண்டு. இது அக்கல்வெட்டுக் காணாத பெரும்பேறு. ஆனால் கணக்குக் காட்டாதவன் மீண்டும் வரலாகாது என்னும் உறுதி நம்மிடம் உண்டா? ஊராட்சியாயினும் பள்ளிவாசல் நிர்வாகமாயினும், நடவடிக்கைப் புத்தகத்தில் ‘ஒருமனதாக’ என்று எழுதுமுன் இரண்டு கேள்விகள் கேட்போம். சென்ற ஆண்டுக் கணக்கு வாசிக்கப்பட்டதா? வராதவர், வர இயலாதவர், வரவிடப்படாதவர் யார்? விடை கூற முடிந்தால், ஆயிரத்து நூறாண்டு மூத்த அக்கல்லின் எதிரே நாமும் விரல் விரித்து நிற்கலாம்.