ஈரத்துணி சொன்ன சான்று

2002இல் விரைவுச்சாலை முழுமையாகத் திறக்கப்படும்முன், மும்பைக் கார்கள் கண்டாலா மலைப்பாதையில் ஏறி, தாபோடியில் முளா ஆற்றின் ஹாரிஸ் பாலத்தைக் கடந்தே புணே நகரை அடைந்தன. ஃபியட், அம்பாசிடர் காலத்து ஓட்டுநர்கள் அம்மலையேற்றத்தில் அஞ்சிய கோளாறு ஆவியடைப்பு.

அக்கார்களின் பெட்ரோல் பம்ப் எஞ்சினோடு பொருத்தப்பட்டிருந்தது; பின்புறத் தொட்டியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுத்தது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவதால் கொதிநிலையும் குறையும். எஞ்சின் சூடேறினால் பெட்ரோல் வழியிலேயே ஆவியாகும். கார்புரேட்டர் வறண்டு கார் நின்றுவிடும்.

பம்பின்மீது சுற்றிய ஈரத்துணி மருந்தாகவும் சோதனையாகவும் அமைந்தது. குளிர்ந்தபின் எஞ்சின் இயங்கினால் ஆவியடைப்பு. இயங்காவிடில் கிழிந்த டயாஃப்ரம் அல்லது அடைபட்ட வடிகட்டி. ஆனால், கார் தாபோடியை எட்டும்போது ஆவியடைப்பின் தடயம் எதுவும் எஞ்சியிராது. எங்கே நின்றது, எவ்வளவு நேரத்தில் மீண்டது என ஓட்டுநர் சொல்வதே மெக்கானிக்குக் கிடைத்த சான்று.

தொட்டிக்குள் மின்பம்ப் வைத்த கார்கள் பெருகின. 2014இல் அம்பாசிடர் உற்பத்தியும் நின்றது. தொழிற்சாலைகளின் வரலாறு ஆவணங்களில் இருக்கிறது. கேட்டறிந்தே கோளாறு கண்டவர்களின் அறிவோ பெரும்பாலும் அவர்கள் நினைவில் மட்டுமே இருக்கிறது. வாய்மொழி வரலாறாக அதைப் பதிவுசெய்யும் காலம் குறுகிவருகிறது.